வைரவருக்காக மூடிய மதகு

மார்கழி 6, சனி
மூன்றாம் நாளும் மழை. குடைக்கம்பி ஒன்று முறிவு. பற்பசை வாங்க மறந்தேன்.

வயல் வட்டைக்குப் போய்ப் பார்த்தேன். வெள்ளாமை மூன்று நாளாக முழுக்கத் தண்ணீருக்குள். ஒரு மாதப் பயிர். மற்ற வருசங்களில் விடிவதற்குள் வாவிக்கு வடிந்துவிடும். இப்போது நடுவில் தார் போட்ட புதுக் காபெட் வீதி, இடுப்பளவு உயரம். வீதிக்கடியில் தண்ணீர் போன பழைய மதகு இருந்த இடத்தில் மண். மேலே பஸ்கள் சத்தமில்லாமல் ஓடுகின்றன. பயிர் ஏழு நாள் தாங்கும். பிறகு அழுகல்தான்.

மதகு ஏன் போனது என்று ஊரில் யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். போன வருச ஆனியில் வீதி அளக்க வந்தவர்கள் மதகை அகலமாக்கப் பக்கத்து மருதமரத்தைத் தறிக்க வேண்டும் என்றார்கள். மரத்தடியில் வைரவர் சூலம். விதைப்புக்கு முன் அங்கேதான் பொங்கல். மரத்தை வெட்டாமல் விடச் சொல்லி எழுதும்படி ஊர் கேட்டது. கமக்காரர் அமைப்புச் செயலாளர் நான். வேலை சுத்தமாக முடியட்டும் என்று நானாக ஒரு வரி சேர்த்தேன்: "இவ்விடத்தில் நீர் ஓடுவதில்லை, மதகு தேவையில்லை." ஆனியில் அங்கே ஆடு மேய்ந்தது. என் கெட்டித்தனம். என் ஒற்றைக் கையெழுத்து.

8, திங்கள்
தூறல். வீதிப் பொறியியலாளர் (பொ.) வந்தார். நல்ல பிள்ளை, சப்பாத்தோடு சேற்றில் இறங்கினார். ஊர் சுற்றி நின்று ஏசியது. என்னைத் தனியே கூப்பிட்டு, ஃபோனில் என் கடிதத்தைக் காட்டினார். அது பிழை என்று அமைப்புத் தலைவரும் நானும் ஒப்பமிட்டுத் தந்தால் உடனே மேலே அனுப்பி வீதியை வெட்ட அனுமதி எடுக்கலாமாம். நாளைக்குத் தருகிறேன் என்றேன்.

9, செவ்வாய்
மழை இல்லை. இருமல். கூட்டம். முன்வரிசையில் பூரணம் மச்சாள். மனைவியின் தங்கை, புருஷன் இல்லை, அந்த இரண்டு ஏக்கர்தான் வருசச் சோறு. மதகு வேண்டாம் என்று நம்மவன் ஒருத்தனே எழுதிக் கொடுத்தானாம் என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். பூரணம் எழும்பினாள்.

"நம்மட மச்சான் செயலாளரா இரிக்கக்குள்ள ஆரு அப்பிடி எழுதுற? வாய்க்கு வந்தபடி கதைக்காதீங்க."

பிழையை ஒப்புக்கொண்ட புதுக் கடிதம் என் சட்டைப் பையில். வெளியே எடுக்கவில்லை.

10, புதன்
பயிர் தண்ணீருக்குள் ஏழாம் நாள். பொ. இரண்டு தரம் அழைத்தார். எடுக்கவில்லை. கோழை.

11, வியாழன்
காலையில் தலைவர் வீட்டுக்கு. கடிதத்தை நீட்டினேன். அவர் பல்லுக் குத்திக்கொண்டிருந்தார்.

"நீங்க எழுதினாச் சரிதானே."

வாசிக்காமலே ஒப்பமிட்டார். இதற்கா மூன்று நாள் பயந்து செத்தேன்? பத்து மணிக்குக் கடிதம் பொ. கையில். நன்றி என்றார்.

12, வெள்ளி
மதியம் பெக்கோ இயந்திரம் வந்து வீதியை வெட்டியது. தண்ணீர் இரைந்துகொண்டு வாவிக்குப் பாய்ந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

13, சனி
வெயில். வட்டை தெரிகிறது. சேறு, நாற்றம். மேட்டு வயல்கள் கொஞ்சம் தப்பின. பூரணத்தின் வயலில் ஒரு தாள் பச்சை இல்லை.

தப்பியதற்காக மருதமரத்தடியில் பொங்கல். பூரணமும் வந்து பானையைக் கிண்டினாள். முதல் இலை எனக்கு.

"மச்சான்ட கடிதத்தாலதான் வீதிய வெட்டினதாம், தலைவர் சொன்னார். சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். இரண்டாம் தரமும் போட்டாள்.