வரி பாக்கியும் முன் கதவும்

மார்ச் 3, 1987. செவ்வாய்

காலையிலேயே வெயில். முருங்கையில் கம்பளிப்பூச்சி, கொளுத்த வேண்டும்.

பில் கலெக்டர் முனுசாமி வந்தார். இரண்டு வருட வீட்டு வரி பாக்கி. அம்மா கொடுத்த காபியை ஆற்றிக் குடித்துக்கொண்டே சொன்னார்: "மாசக் கடைசிக்குள்ள கட்டலன்னா முன் கதவக் கழட்டிக்கிட்டுப் போயிருவாங்கக்கா. மேலத் தெருவுல கழட்டியாச்சு."

பிறகு அப்பா படுத்திருக்கும் உள்ளறைப் பக்கம் தலையை நீட்டி, "அண்ணனுக்குச் சக்கரை எப்பிடி இருக்குதுங்க? வெந்தயத்த ஊறப்போட்டுக் குடுங்க."

சர்க்கரை இல்லை. டி.பி. ஒன்றரை வருடமாகத் தெருவுக்கு மட்டும் சர்க்கரை.

போகும்போது நல்லதும் சொன்னார். "மூடிக் கெடக்கற சைக்கிள் கடைக்கும் சேத்துல்ல வரி ஏறுது. முடியாத மனுசன்னு ஒரு மனு குடுங்க. கடை வரிய எடுப்பாங்க. பாக்கிக்குத் தவணையும் கெடைக்கும்."

மார்ச் 4. விபூதிப் புதன்

கோயிலில் சாமியார் நெற்றியில் சாம்பல் பூசினார். ஈஸ்டர் வரை காபி இல்லை என்று நேர்ந்துகொண்டேன். அம்மா: "நீயா? பாக்கலாம்." மாலைக்குள் தலைவலி.

செய்ய வேண்டியவை: மனு. அப்பா மாத்திரை. லைப்ரரி புத்தகம்.

லைப்ரரியில் எடுத்தது ரஷ்ய நாவல். அதில் காசநோய்க்காரர்கள் அழகாக இருமுகிறார்கள், ஜன்னலோரம், கைக்குட்டையோடு. அப்பா இருமினால் கட்டில் நகர்கிறது.

மார்ச் 9. திங்கள்

தர்மபுரி ஆஸ்பத்திரி. போகவும் வரவும் பஸ்ஸில் நின்றே. சர்டிபிகேட்டில் முதல் வரியிலேயே நோயின் பெயர். வேறு மாதிரி எழுதக் கேட்க வாய் வரவில்லை.

அம்மா: "மனுவுல சக்கரைன்னே எழுதிப்புடு கண்ணு. ஈஸ்டர் கழிச்சு பாப்பிரெட்டிப்பட்டியில இருந்து உன்னப் பாக்க வர்றாங்க. ஊருக்குத் தெரிஞ்சா வருவாங்களா?"

அப்பா உள்ளிருந்து: "நோவு எனக்கு. வெக்கம் ஒங்களுக்கா?" பிறகு இருமல். "பொய் எழுதாத, பாப்பா."

மாப்பிள்ளை போட்டோவை இன்னொரு தடவை பார்த்தேன். காது பெரியது. பிடித்திருக்கிறது. இதை இங்கே மட்டும்.

மார்ச் 12. வியாழன்

பஞ்சாயத்து ஆபீஸ். மனுவில் 'நீண்டநாள் நோய்' என்று மட்டும் எழுதியிருந்தேன். பொய்யில்லை. உண்மையுமில்லை. சர்டிபிகேட் பைக்குள்ளேயே.

கிளார்க்: "என்னா நோவுன்னு இல்லியேம்மா? மெம்பருங்க கேப்பாங்க."

"கூட்டத்துல சத்தமாப் படிப்பீங்களா?"

"பின்ன, காதுக்குள்ளயா ஓதறது?"

கூட்டம் 25ஆம் தேதி. சர்டிபிகேட்டோடு நேரில் வரச் சொன்னார்.

தாழ்வாரச் சுவரில் சாத்திய கதவுகள். ஒன்றில் மஞ்சளும் குங்குமமும் இன்னும் அழியவில்லை.

மார்ச் 19. வியாழன்

தூசிக்காற்று. படிக்க முடியவில்லை. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப. எழுந்தேன், உட்கார்ந்தேன், கதவைச் சாத்தித் திறந்து சாத்தினேன். அம்மா: "பேய் புடிச்சாப்பல எதுக்குடி ஒலாத்தற?"

அப்பாவின் இருமலை இத்தனை நாளும் தெருவுக்கு விடாமல் வைத்திருப்பது இந்தக் கதவுதான். கதவு போனால் இருமலும் தெருவுக்குப் போகும். சொன்னாலும் தெரியும், சொல்லாவிட்டாலும் தெரியும். சொன்னால் கதவாவது மிஞ்சும்.

இவ்வளவு தெளிவாக யோசித்த பிறகும் எழுந்துபோய்க் கதவை இன்னொரு தடவை சாத்திப் பார்த்தேன்.

மார்ச் 25. புதன்

போனேன். கிளார்க் மனுவைப் படித்தார். ஒரு மெம்பர்: "சைக்கிள் கடைக்காரருக்குச் சக்கரைதானே? சக்கரைக்கெல்லாம் வரியில தள்ளுனா மொத மனு என்னுதுங்க." ஒரே சிரிப்பு.

வாசலில் நின்றபடியே சொன்னேன். "சக்கரை இல்லீங்க. டி.பி."

என் குரல் மாதிரியே இல்லை. சர்டிபிகேட்டை நீட்டினேன். எதிரே இருந்தவர் கையை நீட்டவில்லை. மேசைமேல் வைத்தேன். மின்விசிறி அதைத் தூக்கிப் பார்த்தது.

தலைவர் யாரையும் பார்க்காமல்: "கடை வரிய எடுத்துரலாம். பாக்கியத் தவணையாக் கட்டட்டும். அடுத்ததப் படிங்க."

அவ்வளவுதான்.

வீட்டில் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "பேரச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேம்மா."

மறுபடியும் களைந்தாள். அரிசியில் கல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மாலை பஸ்ஸிலேயே பாப்பிரெட்டிப்பட்டிக்குச் செய்தி போயிருக்கும்.

மார்ச் 27. வெள்ளி

வெயில். முருங்கைப் பூச்சியைக் கொளுத்தியாயிற்று.

முனுசாமி உத்தரவோடு வந்தார். காபி போட உள்ளே போனேன். ஆற்றிக்கொண்டு வருவதற்குள் காகிதம் வாசற்படியில், மேலே ஒரு கல். அவர் தெருவில், சைக்கிள் மேல், ஒரு கால் தரையில்.

"தவணை போட்டாச்சும்மா. இனி கதவுக்கு ஒண்ணுமில்ல. ஜோலி கெடக்குது, வர்றேன்."

அப்பா உள்ளிருந்து: "யாரு பாப்பா?"

"பில் கலெக்டருப்பா. கதவ எடுக்க மாட்டாங்களாம்."

"காபி குடிச்சாரா?"

"குடிச்சாருப்பா."

கதவுக்குப் பின்னால் நின்று நானே குடித்தேன். பாதியில்தான் நேர்ந்துகொண்டது ஞாபகம் வந்தது. மீதியையும் குடித்தேன்.