நோட்டீஸில் ஏறிய உன் பெயர்

அக்கா,

நேற்று பாறசாலைப் பள்ளிக்கூடத்தில் கலோத்சவம், பிள்ளைகளின் கலைவிழா. பேத்தி ஒரு நாடகத்தில் கிழவன் வேஷம் கட்டியிருந்தாள். அவளைத் தேடி மேடைக்குப் பின்னால் போனபோது, ஒட்டுத்தாடிக்குப் பூசுகிற பசையின் வாடை மூக்கில் ஏறியது. அப்படியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடிவிட்டாய்; அந்த வாடை இருக்கும் இடத்தில் நீ இல்லாதது எனக்கு இதுவே முதல் தடவை.

நீ நாடகத்துக்குள் வந்தது நல்ல மழைக்காலத்தில். ஓணத்துக்கு மேடையேற வேண்டிய நாடகத்தை விட்டுவிட்டு அதன் இசையமைப்பாளர் வேறொரு குழுவுக்குப் போய்விட, நெய்யாற்றின்கரைக் குழுவின் முதலாளி குடையும் கையுமாகப் பனச்சமூட்டில் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். நம் சபையில் கிறிஸ்துமஸுக்கு நீ மெட்டுப் போட்ட பாட்டை யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்தார். அப்பா தையல் மிஷினை விட்டுத் தலை தூக்கவில்லை. நாடகக்காரர்களோடு பெண்ணை அனுப்பினால் சபையில் என்ன பேசுவார்கள் என்பதுதான் அவருடைய பயம். நீ அவரிடம் எதையும் வாதாடவில்லை. உள்ளேயிருந்து வந்து, "நான் வாறேன். தம்பியும் கூட வருவான்," என்றாய். அப்பா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அதைச் சம்மதம் என்று நாம் எடுத்துக்கொண்டோம்.

எனக்கு அப்போது வேலை கிடைத்திருக்கவில்லை. உனக்குக் காவல் என்று வந்தவன், வந்த காரியத்தை மறந்துவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒத்திகை பழைய முந்திரிக் கொட்டகையில். கடலுக்குப் போன மகன் திரும்பாத ஒரு தாயின் கதை. தாயாக நடித்தவர் காஞ்சிரங்குளத்து லில்லி சேச்சி. பாட்டுப் படித்தவரல்ல. நீ முதலில் போட்ட மெட்டு அவர் தொண்டையில் ஏறவே இல்லை. மற்றவர்கள் வேறு ஆளைப் பாடவைக்கலாம் என்று முணுமுணுத்தார்கள். நீ ஆர்மோனியத்தை மூடிவிட்டு, சாயங்காலம் உங்கள் மகனைக் கடற்கரையிலிருந்து எப்படி விளிப்பீர்கள் என்று கேட்டாய். சேச்சி வெட்கப்பட்டுக்கொண்டே விளித்துக் காட்டினார். தணிவாகத் தொடங்கி, மேலே ஏறி, முடிவில் காற்றில் தொங்கி நிற்கிற குரல். அந்த இழுப்பிலிருந்து பல்லவியை எடுத்தாய். மத்தியானச் சோறு ஆறிப்போனது. சேச்சி அதைப் பாடி முடித்தபோது, முணுமுணுத்தவர்கள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பிறகு அச்சகத்திலிருந்து நோட்டீஸ் கட்டு வந்தது. 'சங்கீதம்' என்ற இடத்தில், விட்டுப்போனவருடைய பெயர் இருந்தது. உற்சவக் கமிட்டிக்காரர்களுக்குத் தெரிந்த பெயர் அது, ஒரு பெண்ணின் பெயரைப் போட்டால் விழாவுக்கு நாடகத்தை எடுக்கத் தயங்குவார்கள், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி சமாதானம் சொன்னார். கெட்டவரல்ல; அவருடைய கணக்கு அப்படி. நீ குரலை உயர்த்தவில்லை.

"பாட்டு எனக்க பாட்டாக்கும். பேரும் எனக்க பேரு தான் வேணும்."

அவர் திரும்பவும் அடுத்த வருஷம் என்று தொடங்கினார். நீ என்னைப் பார்த்து, "எலே மக்கா, செருப்பப் போடு, போவலாம்," என்றாய்.

மழை விட்டிருந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்றோம். சற்று நேரத்தில் லில்லி சேச்சி தன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து உன் பக்கத்தில் நின்றார். அவருக்குப் பின்னால் முதலாளி ஸ்கூட்டரில் வந்தார். நீயுமா போகிறாய் என்று அவர் சேச்சியிடம் கேட்டதற்கு வந்த பதில் இன்னும் என் காதில் இருக்கிறது:

"இவளுக்க பாட்டு இல்லாம அந்த மகன நான் எப்படி விளிப்பேன்?"

பனச்சமூடு பஸ் வந்தது. நாம் ஏறாமலே போனது. உன் பெயரைப் போட்டு நோட்டீஸை வேறே அடித்தார்கள்.

பாலராமபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கோவில் மைதானத்தில் அந்த நாடகம் நடந்தபோது, யாரிடமும் சொல்லாமல் அப்பா வந்திருந்தார். கடைசி வரிசையில் அவரைக் கண்டு நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரை தூக்குவதற்கு முன் மைக்கில் ஒவ்வொரு பெயராகச் சொன்னார்கள். சங்கீதம் என்று சொல்லி உன் பெயர் வந்தது. அப்பா பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதரின் தோளைத் தொட்டு, "எனக்க மோளாக்கும்," என்றார். நீ மேடைக்குப் பின்னால் இருந்ததால் அதைக் கேட்க உனக்கு வாய்க்கவில்லை. வீட்டில் நான் சொன்னபோது, இன்னொரு தடவை சொல்லு, இன்னொரு தடவை சொல்லு என்று கேட்டுக்கொண்டே இருந்தாய்.

அந்த நாடகத்தைப் பார்த்துத்தான் இளம் இயக்குநர் ஒருவர் உன்னைச் சினிமாவுக்கு அழைத்தார். சென்னையில் ஒலிப்பதிவு. வயதான வயலின்காரர் ஒருவர் என்னிடம் வந்து, மியூசிக் டைரக்டர் எப்போது வருவார் என்று கேட்டார். கைத்தறிச் சேலையில், பேப்பர்களை அடுக்கிக்கொண்டு நின்ற உன்னைக் காட்டினேன். அவர் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். பாட்டு முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மறுபடியும் போட்டுக்கொள்ளாமல் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

படம் ஓடவில்லை, பாட்டு ஓடியது. அடுத்து வந்த தயாரிப்பாளர், பேர்பெற்ற ஒருவரின் பெயரை மேலே போட்டு, உன் பெயரை உதவி என்று கீழே போடுவதாகச் சொன்னார். மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாய். அதற்குப் பிறகு பல வருஷங்கள் சினிமாவிலிருந்து யாரும் உன்னைத் தேடவில்லை. வருத்தமில்லையா என்று ஒருநாள் கேட்டேன். "வருத்தம் உண்டு மக்கா. நாடகமும் உண்டு," என்றாய். வருஷத்துக்கு வருஷம் நாடகங்களுக்கு மெட்டுப் போட்டாய். எல்லா நோட்டீஸிலும் உன் பெயர் இருந்தது.

தலை நரைத்த பிறகு அந்த இயக்குநர் தன் புதுப் படத்துக்கு உன்னை அழைக்க மறுபடியும் பனச்சமூட்டுக்கு வந்தார். படம் நெய்யாற்றின்கரையில் வெளியான அன்று லில்லி சேச்சியையும் கூட்டிக்கொண்டு போனோம். அவருக்குக் கண் மங்கியிருந்தது. பெயர் வந்தால் சொல்ல வேண்டும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். திரையில் வேறெந்தப் பெயரும் கூட இல்லாமல் உன் பெயர் மட்டும் வந்தது. சொன்னேன். இருட்டில் அவர் ஒருவர்தான் முதலில் கைதட்டினார். அப்புறம் அரங்கமே தட்டியது. நீ சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாய்.

எனக்குப் பஸ் கண்டக்டர் வேலை கிடைத்து, இந்தப் பனச்சமூடு வழியிலேயே ஓடி ஓய்வும் பெற்றுவிட்டேன். போன வாரம் ரேஷன் கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, கடைக்குப் புதிதாக வந்த ஆள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. நானும் அசையவில்லை. வரிசையில் நின்ற ஒருவர்தான் அவரிடம் சொன்னார்: "மியூசிக் டைரக்டருக்க தம்பிண்ணு விளிக்கணும். இங்க அப்பிடியாக்கும்."

அவர் அப்படியே கூப்பிட்டார். அதற்குத்தான் எழுந்து போனேன், அக்கா.