உன் கதிரையில் ஏறிய பேஸ் பெட்டி

என் அருமை மச்சான்,

நீ எங்களை விட்டுப் போன பிறகு காலபோக நெல் அறுவடையும் வந்து போய்விட்டது. கனகராயன்குளத்தில் இந்த முறை விளைச்சல் பரவாயில்லை. உன் மனைவி, என் தங்கச்சி, நன்றாகத்தான் இருக்கிறாள். இன்று எழுத வந்தது, பாட்டுக்கு அடிச்சத்தம் கூட்டுகிற உன் பேஸ் பெட்டியைப் பற்றி.

போன கிழமை அவள் ஒரு முடிவோடு வந்தாள்.

"அண்ணை, ரெண்டு ஸ்பீக்கரும் இருக்கட்டும். அந்தப் பெட்டியை வாசிகசாலைப் பெடியளுக்குக் குடுக்கப்போறன். போட்டா இடிதான் கேக்குது, பாடுற ஆளைக் காணேல்லை."

அவளைப் பிழை சொல்ல முடியுமா? திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டிப் பழகிய கை உன்னுடையது. வீட்டிலும் மூலையில் வைத்து, சத்தத்தை முழுதாகக் கூட்டி, அலுமாரிக்குள் கோப்பைகள் ஆடினால்தான் உனக்குப் பாட்டு. ஆனாலும் வவுனியாவிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்து நீ கொண்டுவந்த பெட்டி அது. கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அது இல்லாமல் தவில் போட்டால் தகரம் தட்டுவதுபோலவும் இருக்கிறது. "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறு" என்றேன்.

முதல் வேலையாகப் பெட்டியை, நீ இருந்து பாட்டுக் கேட்கிற உன் கதிரையில் ஏற்றினேன். சிரிக்காதே. நாம் இருந்து கேட்கிற இடத்தில் பெட்டியைப் பாடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போக வேண்டுமாம். பேஸ் எங்கே சீராகக் கேட்கிறதோ, அதுதான் பெட்டிக்கு இடம். போனில் பார்த்துத்தான் படித்தேன். இந்த வயதில் முழங்கால் தேயத் தவழ்ந்தேன் மச்சான். உன் மூலையில் ஒரே இரைச்சல். ஜன்னலடியில் ஒன்றுமேயில்லை.

"என்னத்தைத் துலைச்சனீங்கள் அண்ணை?" என்று எட்டிப் பார்த்தவள், கதிரையில் பெட்டியையும் நிலத்தில் என்னையும் கண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அதற்காகவே இன்னொரு சுற்றுத் தவழ்ந்தேன்.

குசினி வாசலுக்குப் பக்கத்தில் எல்லாம் ஒரே அளவில் கேட்டது. பெட்டியை அங்கே இறக்கினேன். பெட்டி எந்தச் சுருதிவரை பாடலாம் என்று அளக்கிற திருகி ஒன்று பின்பக்கம் இருக்கிறது; பாடகரின் குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவது நிற்கும்வரை அதைக் குறைத்தேன். பிறகு சத்தத்தையும் குறைத்தேன், பெட்டி பாடுவதே தெரியாத அளவுக்கு. இப்போது தவில் முழுதும் அந்த இரண்டு ஸ்பீக்கரிலிருந்தே வருவதுபோல் இருந்தது. நீ இருந்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பாய், "கேக்காத பெட்டி என்னத்துக்கு மச்சான்?" என்று. எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. பாட்டு நடுவில், சொல்லாமல் கொள்ளாமல், பெட்டியை மட்டும் நிறுத்திப் பார்த்தேன்.

குசினிக்குள் அரிசி அரித்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது.

"என்ன அண்ணை, என்னவோ குறையுது?"

"பெட்டியைத்தான் நிப்பாட்டினனான்."

ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். பிறகு உன் வெறும் கதிரையைப் பார்த்தாள்.

"போடுங்கோ. அது இஞ்சையே இருக்கட்டும்."

போட்டேன். நீ கனவில் வந்து கெஞ்சினாலும் அந்தச் சத்தத்தை ஒரு துளி கூட்ட மாட்டேன் மச்சான். ஒருநாளும் நிறுத்தவும் மாட்டேன்.

இன்னும் உன்னோடு சண்டை பிடிக்கும்,
உன் பெண்சாதியின் அண்ணன்