இரண்டு மாதத் தாடி

தாராவி, பம்பாய்
17-2-1963

அன்பு கனகத்துக்கு,

இங்கு நலம். உன் தம்பி அய்யாத்துரை கல்யாணம் நல்லபடியாக முடிந்ததாகக் கேள்விப்பட்டேன். கடையைப் போட்டுவிட்டு வர முடியாததில் உனக்குக் கோபம் இருக்கும். நேரில் வந்து திட்டிக்கொள்.

நீ இல்லாத வீட்டில் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. சோர் பஜாரில் மடக்குச் சவரக்கத்தி ஒன்று வாங்கினேன். முதல் நாள் முகத்தில் மூன்று வெட்டு. படிகாரத்தைத் தேய்த்துக்கொண்டு கடை திறந்தேன். பக்கத்துத் தோல்பைப் பட்டறை கரீம் பாட்சா, தீட்டுவதற்கு ஒரு தோல்வார் கொடுத்தார். கூர்ப்பக்கத்தை முன்னால் தள்ளி வாரையே கிழித்துவிட்டேன். "இது வாரா, தோரணமா வே?" என்கிறார்.

இப்போது கை படிந்துவிட்டது. தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னே போக வேண்டும், கூர் பின்னால் வர வேண்டும். கன்னத்தை இழுத்துப் பிடித்து, கத்தியை அநேகமாகப் படுக்கவைத்து, முடி வளர்ந்த வாக்கிலேயே இறக்க வேண்டும். அந்த அரை மணி நேரம் பருப்பு விலைகூட மண்டையில் ஏறுவதில்லை. சீக்கிரம் வந்து தொட்டுப் பார், உன் கன்னம் தோற்றுப்போகும்.

உன் சுயம்பு


உடன்குடி
27-2-1963

அன்புள்ள அத்தானுக்கு,

பெண்டாட்டி ஊருக்குப் போனால் கத்தி வாங்குகிற புருஷனை இப்போதுதான் பார்க்கிறேன். நானும் தங்கச்சியும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

இனிமேல் சிரிக்கிற விஷயமில்லை. தலை முழுகாமல் இருக்கிறேன், அத்தான். குளித்து ஐம்பது நாள் ஆகிறது. இரண்டு தடவை கலைந்த வயிறு, பிரசவம்வரை ரயிலேறக் கூடாது என்கிறாள் அம்மா.

இன்னொன்றும் சொன்னாள். "மாப்பிள்ளைக்கு எழுது. பிள்ள பொறக்கிற வரைக்கும் அவுக முகத்துல கத்தி படக்கூடாது." முந்தின இரண்டு தடவையும், பம்பாய்க்காரர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று இருந்துவிட்டோம். எனக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்காதீர்கள். பயம் இருக்கிறது. எனக்காகச் செய்யுங்கள்.

தங்கள் கனகம்


தாராவி
21-4-1963

என் கனகத்துக்கு,

உன் மேல் ஆணையாகப் பிள்ளை முகம் பார்த்த பிறகுதான் கத்தி என்று போன மாதமே எழுதினேன். அதையே மறுபடி கேட்டிருக்கிறாய். போதுமா, இன்னொரு ஆணை!

தாடி ஏகத்துக்கு அரிக்கிறது. "சுயம்பு சேட் பாபா பன் கயா" என்று என்னைச் சாமியாராக்கி வாடிக்கைக்காரர்கள் கேலி செய்கிறார்கள். துரு ஏறக் கூடாதே என்று கத்தியைத் தினமும் வாரில் தீட்டி மட்டும் வைக்கிறேன். அதுவும் ஒரு சுகம்தான். நீ நேரத்துக்குச் சாப்பிடு, பளுவைத் தூக்காதே.

உன் சுயம்பு


உடன்குடி
1-9-1963

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் வந்துவிட்டுப் போய் இரண்டு வாரமாகிறது. உடம்பு தேறிவிட்டது. பால் கட்டிக்கொண்டது மட்டும் வலிக்கிறது.

எட்டாம் மாதத்தில் பிள்ளை ஏன் செத்துப் பிறந்தது என்று டாக்டருக்கும் தெரியவில்லை. நீங்கள் வந்து இறங்கியதும் உங்கள் தாடியைப் பார்த்து அம்மா போட்ட சத்தம் நினைவிருக்கும். "மாப்பிள்ள ஒரு கொறையும் வைக்கலியே. பாவி மக்கா, நீ என்னட்டீ செஞ்ச?"

அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆறாம் மாதம் தங்கச்சியோடு சினிமாவுக்குப் போனேன், இருட்டிய பிறகு உடைமரக்காட்டு வழியாக வந்தோம். அதுவா? அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு குடம் தண்ணீர் இறைத்தேன். அதுவா? சோறு இறங்கவில்லை. நீங்கள் வாக்கைக் காப்பாற்றினீர்கள், நான்தான் பிள்ளையைக் காப்பாற்றவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

தங்கள் கனகம்


தாராவி
29-9-1963

கனகத்துக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சவரம் செய்தேன். அவசியம் ஒன்றுமில்லை. தீட்டிய கத்தியை முன்கை முடியில் வைத்துப் பார்த்தேன், சத்தமே இல்லாமல் சீவியது. அப்படி ஒரு கூர் அதுவரை எனக்கு வாய்த்ததில்லை. கை துறுதுறுத்தது. ஒரு கன்னம் மட்டும் என்று ஆரம்பித்து முழு முகத்தையும் முடித்துவிட்டேன். அன்று சந்தோஷமாகக்கூட இருந்தேன், கனகம். உங்கள் ஊரார் மெச்சியது இரண்டு மாதத் தாடியை.

அங்கேயே சொல்ல நினைத்தேன். உன் அம்மா என்னைப் பார்த்துக் கைகூப்பினார்கள், வாய் எழவில்லை. உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. பாவம் ஏதாவது இருந்தால் அது என்னுடையது. நீ வந்துவிடு. என்னை என்ன வேண்டுமானாலும் சொல், இங்கே வந்து சொல்.

சுயம்பு


உடன்குடி
8-10-1963

சுயம்பு அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கத்தி பட்டுப் பிள்ளை சாகும் என்று இப்போதும் நான் முழுசாக நம்பவில்லை. சவரம் செய்ததற்காக உங்கள்மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஜூனிலேயே எழுதியிருந்தால் இரண்டு நாள் அழுதிருப்பேன், அவ்வளவுதான்.

ஐந்து நாள் என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். என்ன செய்தாய் என்று அம்மா என்னைக் கேட்டபோதும் அங்கேதான் இருந்தீர்கள். தலையைக் குனிந்துகொண்டீர்கள். துக்கம் தாளாமல் குனிகிறீர்கள் என்று உங்களுக்காகவும் சேர்த்து அழுதேன். அப்புறம் நான் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அதையும் மூன்று வாரம் கையில் வைத்திருந்தீர்கள். அந்த மூன்று வாரமும் நான் இங்கே சாப்பிடவில்லை, தூங்கவில்லை.

நான் பம்பாய்க்கு வரவில்லை. உங்கள் பக்கத்தில் உட்கார என்னால் இனி முடியாது. உங்கள் கடிதத்தை அம்மாவுக்குக் காட்டவில்லை. அவள் உங்களைத் தூற்றுவதைக் கேட்கவும் எனக்குத் தெம்பு இல்லை. இந்த ஊரில் நீங்கள் வாக்குத் தவறாத மாப்பிள்ளையாகவே இருங்கள். ஏன் புருஷன் வீட்டுக்குப் போகவில்லை என்று கேட்கிறவர்களிடம், தப்பு என்மேல்தான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

கனகவள்ளி