கம்பெனி என்ற சொல்

அன்புள்ள லிசா அப்பாவுக்கு,

பெனிட்டா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் பிள்ளையும் நலம். நீங்களும் நலம் என்பது உள்ளறையிலிருந்து வரும் குறட்டையிலேயே தெரிகிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதீர்கள். நைட் ஷிப்ட் முடிந்து நீங்கள் வருவதற்குள் நான் பஸ் ஏறிவிடுகிறேன். நான் திரும்புவதற்குள் நீங்கள் கிளம்பிவிடுகிறீர்கள். உங்கள் லீவு நாளை ஓ.டி. விழுங்கிவிடுகிறது. எனக்கு லீவு ஞாயிறு ஒன்றுதான், அன்றைக்கும் உங்களை எழுப்ப மனசு வருவதில்லை.

மோட்டார் ரிப்பேராம், தண்ணீர் சரியாக வரவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஓர் ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று எழுதிவரச் சொல்லி லிசாவின் பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். அவள் எடுத்தது 'கம்பெனி'. பிறந்ததிலிருந்து அவள் காதில் விழுவது அதுதானே! பி.ஏ. இங்கிலீஷ் படித்துவிட்டுப் போன் பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறாள் என்று என்னைக் கிண்டல் செய்வீர்களே, அந்தப் படிப்பு இன்றைக்கு உதவியது. பழைய அகராதியைத் தேடி எடுத்தேன். ஆங்கிலத்துக்கு அது பிரெஞ்சிலிருந்து வந்ததாம். பிரெஞ்சுக்கு லத்தீனிலிருந்து; ஒரு காலத்தில் நம் கோயிலில் பூசை வைத்த மொழி. அதில் 'கொம்' என்றால் சேர்ந்து, 'பானிஸ்' என்றால் ரொட்டி. ஒரே ரொட்டியைச் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள்தான் கம்பெனி. நம்மை ஆண்ட கும்பினிக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து நாட்டையே தின்றார்கள், அது வேறு கதை.

எழுதி முடித்துவிட்டு லிசா கேட்டாள், "அப்போ எங்கப்பா யார் கூட குந்திகினு துன்னும்?" என்று. உங்களுக்கு மீன் தலை பிடிக்கும் என்று தெரியும். உங்கள் எதிரில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பவர் யார் என்று தெரியாது. துணி எடுக்கப் போகிறேன் என்று மாடிக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

உங்கள் லைனில் வேலை செய்யும் யாக்கோபு அண்ணன், இன்று காலை டூட்டி முடிந்து நேராகப் பூசைக்கு வந்திருந்தார். இன்னும் ஒரு வருஷம் நைட்டிலேயே இருக்கச் சம்மதமா என்று சூப்பர்வைசர் உங்களைக் கேட்டிருக்கிறாராமே! இன்றிரவு பதில் சொல்ல வேண்டுமாம். "ஜெபர்சன் சரின்னுதான் சொல்லப் போறாம்மா" என்றார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று சண்டை போட மாட்டேன். நைட்டுக்குத் தரும் அந்த அலவன்ஸ் யாருக்காக என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இருப்பதை வைத்துச் சமாளிப்போம். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று உங்களுக்கு டிபன் பாக்ஸ் கட்டவில்லை. ஆண்டவர் உங்களுக்கு நல்ல தூக்கம் தரட்டும். எழுந்ததும் வாருங்கள். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, நானும் லிசாவும் இன்னும் சாப்பிடவில்லை.

உங்கள்
பெனிட்டா