நாடகத்து அரசியும் அம்மாவும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். கோம்பையில் மழை உண்டா? அப்பாவுக்கு இருமல் தேவலையா?

நேற்று இங்கே சிங்கப்பூர் வகுப்பில் ஒரு பழைய நாடகத்தைப் பாடமாக நடத்தினேன். அதில் அரசி எதையும் நேரடியாகக் கேட்காமலே அரசனைச் சம்மதிக்க வைப்பாள். எங்கம்மா இப்படிச் சுற்றி வளைக்க மாட்டார் என்று, நீ போனில் பேசியதை உதாரணமாகச் சொன்னேன்: "திராட்சை பழுத்துக் கெடக்கு, பறிக்க ஆளில்ல. உங்கப்பா வாசல்லயே உக்காந்திருக்காக."

மாணவி தேவயானி கேட்டாள்: "நீங்க என்ன சொன்னீங்க சார்?"

"கூலிக்கு ஆள் விடச் சொன்னேன்."

வகுப்பே சிரித்தது. தேவயானிதான் சொன்னாள்: "சார், அம்மா உங்களத்தான் வரச் சொல்றாங்க."

நான் திரும்பிக்கொண்டு, வெகுநேரம் பலகையை அழித்தேன்.

பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது. பார்சல் அனுப்பாதே. டிசம்பர் விடுமுறைக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், வந்து எடுத்துக்கொள்கிறேன்.

வகுப்புக்கு நேரமாகிறது.

உன்
சுரேஷ்கண்ணன்