பதினான்கு கிலோவின் சாட்சி

திருப்பதி
9 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் கேட்டாயே, இல்லை, உன் மேல் எனக்குப் பொறாமை இல்லை. மறுபடி போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நேற்று ஆராதனையில் நீ சொன்ன சாட்சி வீடியோவாக எனக்கும் வந்தது. "பதினாலு கிலோ எளச்சேன். கர்த்தரும் இந்தப் பவுடரும்தான் காரணம்." சபை அல்லேலூயா சொல்கிறது. கீழே டப்பாவின் படம், உன் போன் நம்பர்.

அக்கா, உன்னை இளைக்கவைத்தது டி.பி. சித்தூரில் மாத்திரை வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று ஆறு மாதம் இங்கே என் அறைக்கு வந்து மாத்திரை வாங்கிப் போனாய். ஐந்து கிலோ திரும்ப ஏறிய நாளில் எடை மிஷின் பக்கத்தில் நின்று இருவரும் அழுதோம். சந்தோஷத்தில்.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அது அப்படியே இருக்கிறது. அந்த வீடியோவை மட்டும் நீக்கச் சொல்.

ஸ்வீட்டிக்கு என் முத்தங்கள்.

உன் தங்கை
கேசியா

சித்தூர்
14 ஜூன் 2025

பாப்பா கேசியாவுக்கு,

ஸ்தோத்திரம். இரண்டு மாதமாய் நீ வரவில்லை. கடிதம் மட்டும் அதிகாரி மாதிரி வருகிறது.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். "இன்னா ஜெயசீலி, எளச்சிக்கினே போறே, இன்னா துன்றே?" டி.பி. என்று சொல்லவா? அலமாரியில் யாரோ கொடுத்த டப்பா பிரிக்காமல் கிடந்தது. வாயில் அதுதான் வந்தது. அடுத்த வாரம் நான்கு பேர் வாசலில் நின்றார்கள். இந்தப் பவுடரை விற்கிற கிளப்காரர்கள் என்னையும் விற்கச் சொல்லிக் கோச் ஆக்கிவிட்டார்கள்.

உங்கள் சுகாதாரத் துறை உடல்பருமன் கேம்ப் வைத்ததே, ஞாபகம் இருக்கிறதா? மைதானத்தில் மிஷினைப் போட்டு, நான் ஏறியதும் நர்ஸ் "எண்பத்தேழு!" என்று கத்தினாள். வரிசையே சிரித்தது. நடங்கம்மா என்றீர்கள். எங்கே, லாரி போகிற ரோட்டிலா? கிளப்பில் நாற்காலி போடுகிறார்கள். எண்ணை யாரும் சத்தமாகப் படிப்பதில்லை.

ஆகஸ்டில் என் பெண் ஸ்வீட்டிக்கு நிச்சயம். அதையும் நினைத்துக்கொள்.

அக்கா
ஜெயசீலி

திருப்பதி
24 ஜூன் 2025

அக்காவுக்கு,

கேம்ப் பற்றி நீ எழுதியது சரி. எடையைத் தனியே அழைத்துத்தான் சொல்ல வேண்டும் என்று என் அறிக்கையில் சேர்த்திருக்கிறேன். யார் படிப்பார்கள், தெரியாது.

உன் எதிர்வீட்டுச் சந்திரம்மா இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். சர்க்கரை நானூற்று எண்பது. உன்னிடம் வாங்கிய பவுடரைத் தொடங்கிய அன்றே சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். "ஜெயசீலிதாம்மா சொன்னா, இதக் குடிச்சா மாத்திர வாணாம்னு" என்கிறார்.

சொன்னாயா?

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்து மாற்றிச் சொல். டி.பி. என்ற பேச்சே வேண்டாம். நோயால் இளைத்தேன், பவுடரால் இல்லை. அவ்வளவு போதும். நான் வருகிறேன், கடைசி வரிசையில் இருப்பேன். நீ எழவில்லையென்றால் புகார் கொடுப்பேன்.

கேசியா

சித்தூர்
27 ஜூன் 2025

கேசியா,

சொன்னேன். கிளப்பில் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சந்திரம்மாவுக்காக ராத்திரியெல்லாம் ஜெபிக்கிறேன்.

நோய் என்றால் என்ன நோய் என்று கேட்பார்கள். மாப்பிள்ளையின் அம்மா முதல் வரிசையில் உட்காருகிறவர். டி.பி. வந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

அம்மா போனபின் உனக்குத் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பியவள் நான். வராதே.

ஜெயசீலி

திருப்பதி
30 ஜூன் 2025

அக்காவுக்கு,

வந்தேன். நீ பார்த்தாய். "சாட்சி சொல்லுகிறவர்கள்" என்று போதகர் ஐயர் கேட்டபோது நீ பாட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டாய். யாரோ எழுந்து மழைக்கு நன்றி சொன்னார்கள். பிறகு காணிக்கைப் பை வந்தது.

சாயங்காலம் திருப்பதி திரும்பி, ஆஸ்பத்திரியில் சந்திரம்மாவிடம் போனேன். பவுடரை விடுங்கம்மா, மாத்திரை போடுங்க என்றேன்.

"அப்போ ஒங்க அக்கா மட்டும் எப்டிமா எளச்சாங்க? நா சோறுகூட துன்னாம அதத்தான் குடிச்சிக்கினு இருந்தேன்."

பதில் என்னிடம் இருந்தது. தண்ணீர் பாட்டிலை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தேன். நான் வெளியே வரும்போது அவர் தன் மகளிடம், வீட்டிலிருந்து டப்பாவை எடுத்து வரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன், அக்கா.

இன்று காலை சித்தூருக்கு மறுபடி வந்து, உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். விற்பவர் பெயர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதினேன்.

கேசியா